காட் ஐயாவும் பதினொரு மணிக் கோச்சியும்

அவர் ஒருவரையும் ஏசி நான் கேட்டதில்லை. ஆறு வருடம் சனிக்கிழமை தவறாமல் அவரோடு ஒரே கொட்டிலில் நின்றிருக்கிறேன். குரல் உயர்ந்ததில்லை. ‘நீ’ என்ற சொல் அவர் வாயில் வந்ததில்லை. கொட்டிலுக்குள் படுத்திருக்கும் நாயைக்கூட “எழும்புங்கோ” என்றுதான் எழுப்புவார். யாராவது பிழை விட்டால் அவருடைய முகத்தில் கோபம் தெரியாது. வெகுநேரம் தேடிய பொருள் கையில் அகப்பட்டவரின் நிம்மதிதான் தெரியும். பிறகு காற்சட்டைப் பையிலிருந்து ஒரு வெண்கட்டித் துண்டை எடுத்து நீட்டுவார்.

“எழுதுங்கோ.”

எழுத வேண்டிய இடம் எஞ்சின் கொட்டிலின் பின்சுவர். பிழை விட்டவர் தன் பெயர், திகதி, விட்ட பிழை மூன்றையும் தன் கையாலேயே அதில் எழுத வேண்டும். மழைச் சாரல் படாத சுவர் அது. அழிக்க ஒருவருக்கும் அனுமதி இல்லை. பத்துமணித் தேத்தண்ணிக்கு எல்லோரும் அந்தச் சுவரைப் பார்த்தபடிதான் உட்கார வேண்டும், ஏனென்றால் வாங்குகளை அவர் அப்படித்தான் போட்டு வைத்திருந்தார்.

என் பெயரும் அதில் இருந்தது. ஒருமுறை பதிவுக் கொப்பியில் சனிக்கிழமையை வெள்ளி என்று எழுதிவிட்டேன். திகதிகளில் பிழை விடாதவன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பழைய பஞ்சாங்கம், கோவில் நோட்டீஸ், மரண அறிவித்தல் என்று எல்லாவற்றையும் சேர்த்து வைப்பவன். அது அவருக்கு நன்றாகத் தெரியும். நான் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, “எழுத்து வடிவாய் இருக்கு” என்றார்.

எங்கள் ரயில் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் உட்துறைமுகத்துக் கிட்டங்கிகளிலிருந்து ஜெற்றிக்குச் சாமான் இழுத்த சின்னப் பாதை. தண்டவாளங்களுக்கிடையில் இரண்டரை அடி அகலம்தான். முக்கால்வாசியும் பழைய இரும்புக்காரர்களிடம் போய், ஒரு மைலுக்குக் கொஞ்சம் கூட மட்டும் பற்றைக்குள் மிஞ்சிக் கிடந்தது. அதைக் கண்டுபிடித்தவர் அவர். ரயிலில் காட்டாக, கடைசிப் பெட்டியில் நின்று விசில் ஊதிக் கொடி காட்டுகிறவராக இருந்து ஓய்வுபெற்று, லிங்கநகரில் தனியாக இருந்தார். கத்தியோடு தனியாளாகப் பற்றை வெட்டத் தொடங்கினார், பிறகு நாங்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தோம். பதினாலு பேர். எல்லோரும் கூலியில்லாத ஆட்கள். எங்களுக்கு ஒரு சங்கம், ஒரு தலைவர், இரண்டு குட்டி டீசல் எஞ்சின்கள், ஆறு பெட்டிகள். ஊர்ச்சனம் அதைக் கோச்சி என்றது. அவரைக் காட் ஐயா என்றது. தலைவர் பெயருக்குத் தலைவர், அவ்வளவுதான்.

பதினொரு பக்கத்தில் ஒரு விதிப் புத்தகம் அவரே எழுதினார். தட்டச்சுச் செய்தவன் நான். மான்களுக்குக்கூட அதில் ஒரு விதி இருந்தது. எங்கள் ஊர் மான்கள் தண்டவாளத்தில் படுத்து அசை போடும், எஞ்சின் கூவினாலும் எழும்பாது. அவற்றுக்காக ஒவ்வொரு பயணத்திலும் நாலு நிமிடம் ஒதுக்கியிருந்தார். மனிதருக்கு அரை நிமிடமும் இல்லை.

ஒரு சனிக்கிழமை புதுமணத் தம்பதி ஒன்று படம் எடுக்க வந்தது. பெண் பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு சோடா வாங்கப் போனார். பத்தரை ஆனது. காட் ஐயா விசில் ஊதினார். மாப்பிள்ளை இரண்டு கையிலும் போத்தலோடு ஓடி வந்து, “ஐயா, ஐயா, என்ர மனிசி!” என்று கத்தினார்.

காட் ஐயா கடைசிப் பெட்டியின் படியில் நின்றபடி பதில் சொன்னார். “கலியாணம் ஆயுசு முழுக்க இருக்கும் தம்பி. பத்தரைக் கோச்சி பத்தரைக்கு மட்டும்தான்.”

அந்தப் பெண் நகையும் மாலையுமாக ஜெற்றி வரைக்கும் தனியாகப் போய்த் தனியாகத் திரும்பி வந்தாள். நாற்பது நிமிடம். இறங்கும்போது கண் மை கன்னத்தில் வழிந்திருந்தது. மாப்பிள்ளையோடு அவள் கதைக்கவில்லை. நாங்கள் கொட்டிலுக்குள் போய் வயிறு நோகச் சிரித்தோம். அவரைப் பற்றி மற்றவர்களிடம் சொல்லத் தொடங்கினால் நான் முதலில் சொல்லும் கதை இதுதான். இன்னும் ஆட்கள் சிரிக்கிறார்கள்.

ஒருமுறை தலைவர் அவரிடம், “சேவையில இருக்கேக்க ஏதும் விபத்து நடந்ததோ ஐயா? அதுதான் இப்பிடி இறுக்கமோ?” என்று பரிவாகக் கேட்டார்.

“இல்லை. ஒண்டும் நடக்கேல்ல. முப்பத்தெட்டு வருசம் ஒண்டும் நடக்கேல்ல. அதுதான் என்ர சேவை” என்றார். அதற்கு மேல் அந்தக் கதையில் ஒன்றும் இல்லை.

உண்மையும் அதுதான். அவர் இருந்த காலத்தில் எங்கள் ஆட்களில் ஒருவருக்கு விரல் நசுங்கியதில்லை. பயந்து பயந்து வேலை செய்தோம், முழு உடம்போடு வீட்டுக்குப் போனோம்.

நவம் அண்ணை சாம்பல்தீவிலிருந்து வருவார். வள்ளங்களுக்கு மெசின் திருத்துகிறவர். இரண்டாவது எஞ்சின் செத்துக் கிடந்தது. உள்ளே கறையான் புற்று. வள்ளத்து மெசின்களின் சாமான்களை வைத்தே இரண்டு வருடத்துச் சனிக்கிழமைகளில் அதை உயிராக்கினார். ஆனால் ஓட்டுவதற்குக் காட் ஐயாவின் சோதனையில் தேற வேண்டும். நாலு தரம் அவரை விழுத்தினார். ஒருதரம் பிறேக்கில் கை வைக்க முதல் பின்னால் பார்க்கவில்லை. ஒருதரம் விதியைச் சொல்லும்போது ஒரு சொல் மாறிப்போனது. ஐந்தாம் தரம் தேறினார். அன்றைக்கு நவம் அண்ணை எல்லோருக்கும் சீனிப் பணியாரம் கொண்டுவந்தார், காட் ஐயா ஒன்றை எடுத்துக் கடதாசியில் சுற்றிப் பையில் வைத்தார். தின்றதை நாங்கள் பார்க்கவில்லை.

நவம் அண்ணையின் மனைவி பரமேஸ் அக்கா ஒருநாளும் அந்தப் பக்கம் வந்ததில்லை. சந்தையில் என்னைக் கண்டால், “எங்கட வீட்டுக் கூரை ஒழுகுது, உங்கட கூட்டாளி கோச்சிக்குக் கூரை போடுறார். அறுபது வயசில விளையாட்டுச் சாமான்” என்பார். சிரிக்காமல் சொல்வார். இரண்டு வருடமாக அந்த வீட்டில் சனிக்கிழமைகளில் கதை பேச்சு இல்லை என்று நவம் அண்ணையே ஒருநாள் சொன்னார்.

பிறகு ரயில் விழா வந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும். வருடத்தில் அப்போது மட்டும்தான் இரண்டு எஞ்சினும் ஒரே நேரத்தில் ஓடும். நவம் அண்ணை எப்படியோ மனைவியைச் சம்மதிக்க வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக் கோச்சி. பரமேஸ் அக்காவும் இரண்டு சகோதரிகளும் வருவார்கள். அந்தக் கோச்சியை நவம் அண்ணை ஓட்டுவார். கிழமை முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். “ஒருக்கா அவ கண்ணால கண்டால் காணும்” என்றார்.

இனிக் கோலைப் பற்றிச் சொல்கிறேன். ஒற்றைப் பாதையில் இரண்டு கோச்சி முட்டாமல் இருக்க எங்களிடம் இருந்தது இரண்டு மரக்கோல்கள். கொட்டிலிலிருந்து நடுத்தரிப்பு வரையான பாதிக்கு நீலக் கோல். நடுத்தரிப்பிலிருந்து ஜெற்றி வரையான பாதிக்குச் சிவப்புக் கோல். எந்தப் பாதியில் ஓடுகிறாயோ அந்தக் கோல் உன் எஞ்சினுக்குள் கொளுக்கியில் தொங்க வேண்டும். கோல் ஒன்றுதான், ஆகவே கோச்சியும் ஒன்றுதான். நடுத்தரிப்பில் மட்டும் இரண்டு தண்டவாளம். அங்கே இரண்டு கோச்சியும் சந்திக்கும்போது ஓட்டுநர்கள் கோலை மாற்றிக்கொள்வார்கள். மற்றச் சனிக்கிழமைகளில் ஒரே எஞ்சின் என்பதால் இரண்டு கோலும் காலையிலிருந்து மாலை வரை ஒரே கொளுக்கியில் தொங்கும். காலையில் காட் ஐயா அவற்றை ஓட்டுநரின் கையிலிருந்து வாங்கி, பொறித்த எழுத்தை வாசித்து, திருப்பிக் கொடுப்பார். அதோடு சரி. கோல் மாற்றுகிற பழக்கம் எங்கள் கைகளுக்கு இல்லை.

சனிக்கிழமை மூன்றாவது சந்திப்பு. நவம் அண்ணை நடுத்தரிப்பில் நின்றார். ஒரு குடும்பம் எஞ்சினுக்குள் பிள்ளையைத் தூக்கி வைத்துப் படம் எடுத்தது. அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பிள்ளையை இறக்கினார். கூவினார். எஞ்சினை எடுத்தார். நீலக் கோல் கொளுக்கியிலேயே தொங்கியது. சிவப்புக் கோலை நீட்டியபடி மற்ற ஓட்டுநர் றொபேட் பக்கத்துத் தண்டவாளத்தில் நின்றார். ஒரு பெட்டி நீளம்கூடப் போகவில்லை, நவம் அண்ணை தானே கண்டு, தானே நிறுத்தி, தானே இறங்கி வந்து சொன்னார்.

“ஐயா, நான் கோல் மாத்தாமல் எடுத்திட்டன்.”

“ஆபத்து ஒண்டும் இல்லை ஐயா. நான் இஞ்சதானே நிக்கிறன்” என்றார் றொபேட்.

“ஆபத்து இருந்ததோ எண்டு நான் கேக்கேல்ல” என்றார் காட் ஐயா. “ஏழாம் பக்கம் என்ன சொல்லுது?”

ஏழாம் பக்கத்தைத் தட்டச்சுச் செய்தவன் நான். கோல் மாற்றாமல் சக்கரம் உருட்டியவர் இனி எஞ்சின் ஓட்டுவதில்லை. ‘இனி’ என்பதற்கு முடிவுத் திகதி இல்லை. பதினாலு பேரும் அதன் கீழ் கையெழுத்து வைத்திருந்தோம்.

நவம் அண்ணையைக் கொட்டிலுக்குக் கூட்டிப்போய் வெண்கட்டியைக் கொடுத்தார். எழுதி முடிந்ததும் ஒலிபெருக்கியை எடுத்து, வந்திருந்த சனத்துக்கெல்லாம் விளங்கும்படி நிதானமாக அறிவித்தார்: ஓட்டுநரின் பெயர், பிழை, இன்னின்ன கோச்சிகள் இன்று ஓடா. நவம் அண்ணை சுவரைப் பார்த்தபடி நின்றார். கையில் கிறீசும் வெண்கட்டித் தூளும்.

“ஐயா, ஒண்டே ஒண்டு கேக்கிறன். நாளைக்குப் பதினொரு மணிக் கோச்சி மட்டும். மனிசி வருது. பேந்து நான் இந்த எஞ்சினைத் தொடவும் மாட்டன்.”

“வரட்டும். நல்ல இடமாய் இருத்துவம்.”

“ஓட்டிறது?”

“நான் ஓட்டுறன்” என்றார் காட் ஐயா. அவரும் தேறிய ஓட்டுநர்தான். அவரை யார் சோதித்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

ஞாயிறு காலை பரமேஸ் அக்கா வந்தார். கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலை. இரண்டு பக்கமும் சகோதரிகள். நவம் அண்ணை வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அவர் கடைசிப் பெட்டியில் பிறேக் பிடிக்கும் ஆளாக, பச்சைக் கொடியோடு நின்றார்.

“என்ன, நீங்கள் முன்னுக்கு ஏறேல்லையோ?” என்றார் அக்கா.

நவம் அண்ணை வாயைத் திறக்க முதல் எஞ்சினிலிருந்து காட் ஐயா எட்டிப் பார்த்தார். “அவருக்கு இனி ஏலாது அம்மா. நேற்றுக் கோல் மாத்தாமல் எடுத்தவர். பின்சுவரில அவரே எழுதியிருக்கிறார், நேரமிருந்தால் பாத்திட்டு வாங்கோ.”

சகோதரிகளில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பரமேஸ் அக்கா சுவர்ப் பக்கம் போகவில்லை. கணவரின் கையிலிருந்த கொடியைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

பதினொரு மணிக்குப் புறப்பட்டோம். நான் நவம் அண்ணையோடு கடைசிப் பெட்டியில், பதிவுக் கொப்பியோடு இருந்தேன். நடுத்தரிப்பில் றொபேட் ஜெற்றிப் பக்கத்திலிருந்து வந்து காத்து நின்றார். காட் ஐயா இறங்கினார். றொபேட்டிடம் சிவப்புக் கோலை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பொறித்த எழுத்தை வாசித்தார். கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, ஆறு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் செய்ததைப்போல, அதை ஓட்டுநரின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். போய் எஞ்சினில் ஏறினார். கூவினார். எடுத்தார்.

றொபேட் சிவப்புக் கோலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கூப்பிடவில்லை. “அவர் ஏதோ யோசிச்சுத்தான் தந்தவர் எண்டு நினைச்சன். அவருக்கு ஆர் சொல்லுறது?” என்றார் பிறகு. நான் கண்டேன். நவம் அண்ணையும் கண்டார். பிறேக் சில்லு அவர் கைக்குக் கிட்ட இருந்தது. இரண்டு பேரும் பேசவில்லை. றொபேட்டைப்போலப் பயத்தில்தான் என்று சொன்னால் அது என் விஷயத்தில் முழு உண்மை ஆகாது.

நடுத்தரிப்புக்கும் ஜெற்றிக்கும் இடையில் கோச்சி நின்றது. ஒரு பக்கம் உப்புத் தரை, மறு பக்கம் முள்ளுப் பற்றை. ஒரு மர நிழல் இல்லை. காட் ஐயா இறங்கினார். கையில் நீலக் கோல். அதை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். பிறகு எஞ்சினை நிறுத்தி, பையிலிருந்து வெண்கட்டியை எடுத்து, அங்கே சுவர் இல்லாததால் எஞ்சினின் பச்சைத் தகரத்தில் தன் பெயரையும் திகதியையும் பிழையையும் எழுதினார்.

அப்போது கடைசிப் பெட்டியில் யாரோ கை தட்டினார்கள். அது நான். மற்றப் பெட்டிகளில் நின்ற எங்கள் ஆட்களும் தட்டினார்கள். வந்த சனம் இது விழாவில் ஒரு பகுதி என்று நினைத்துத் தானும் தட்டியது. நவம் அண்ணை தட்டவில்லை.

“எழுதுங்கோ. பதினொண்டு இருபத்தி மூண்டு” என்றார் காட் ஐயா என்னைப் பார்த்து. பிறகு பயணிகளிடம் திரும்பினார். “மன்னியுங்கோ. இந்த எஞ்சினை ஓட்ட இப்ப ஆளில்லை. எல்லாரும் இறங்கி நடக்க வேணும்.”

ஒரு பெரியவர், “உச்சி வெயிலில என்ன விசர்க் கதை!” என்று கத்தினார். “பின்னுக்கு நிக்கிறார்தானே அந்த அண்ணை, அவர் ஓட்டட்டும்.”

“அவருக்கும் ஏலாது. எங்கள் ரெண்டு பேருக்கும் ஏலாது.”

பரமேஸ் அக்கா பெட்டியிலிருந்து இறங்கினார். கணவரிடம் வந்தார். “நீங்கள் திருத்தின மெசின்தானே?” என்றார். “ஏறுங்கோ.”

நவம் அண்ணை கொடியை என்னிடம் தந்துவிட்டு முன்னுக்கு நடந்தார். எஞ்சினின் இரும்புப் படியில் ஒரு காலை வைத்தார். முழுக் கோச்சியும் பார்த்துக்கொண்டிருந்தது. காட் ஐயா தடுக்கவில்லை. வழிவிட்டு ஒதுங்கினார்.

“ஏறுங்கோ நவம். நான் பிடிக்கமாட்டன். நேற்று உங்கட கையால எழுதினதைப் பொய்யெண்டு நினைச்சுக்கொண்டு ஏறுங்கோ. அவ்வளவுதான்.”

நவம் அண்ணை அப்படியே நின்றார். எவ்வளவு நேரம் என்று நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. என் கொப்பியில் நேரம் குறிக்காத ஒரே இடம் அது. பிறகு காலைக் கீழே எடுத்தார்.

அறுபது பேருக்கு மேல் தண்டவாளக் கட்டைகளில் நடந்து திரும்பினார்கள். பரமேஸ் அக்கா செருப்பைக் கையில் எடுத்து, பட்டுச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி எல்லோருக்கும் முன்னால் நடந்தார். ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை. காட் ஐயா கடைசியாக வந்தார், விழுந்த சாமான் ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டு.

அடுத்த சனிக்கிழமை சங்கம் கூடியது. “ஒரே பிழை. ரெண்டு பேரையும் மன்னிப்பம். ஐயா இல்லாமல் இந்தக் கோச்சி ஓடாது” என்றார் தலைவர். கை தட்டிய நாங்கள் எல்லோரும் கை உயர்த்தினோம். விதியை மாற்றப் பதினாலு கையும் வேண்டும். பதின்மூன்று உயர்ந்தது.

“என்னை மன்னிக்கிறதெண்டால் நவத்தையும் மன்னிக்க வேணும். அது பிழை” என்றார் காட் ஐயா. விசிலையும் வெண்கட்டியையும் மேசையில் வைத்தார். “நான் போனால் நீங்கள் பதின்மூண்டு பேர். அப்ப உங்களுக்கு என்ர கை தேவைப்படாது.” கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டுப் போனார். பிறகு வரவில்லை.

அவர் போன அரை மணியில் விதியை மாற்றினோம். ஆனால் நவம் அண்ணை, “அவரிட்ட ஒருக்காக் கேட்டிட்டு” என்றார். சொல்லிச் சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. கடைசியில் நானும் அவரும் லிங்கநகருக்குப் போனோம்.

பின்னேரம் நாலு மணி. எங்களைக் கண்டு காட் ஐயா உண்மையிலேயே சந்தோசப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். கதிரை போட்டார். தானே குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். எஞ்சினைப் பற்றி விசாரித்தார். மெலிந்திருந்தார்.

“ஐயா, விதியை மாத்திப்போட்டினம்” என்றார் நவம் அண்ணை.

“தெரியும்.”

“நீங்கள் ஒருக்கா ஓம் எண்டு சொன்னால் காணும்.”

காட் ஐயா கோப்பையைக் கீழே வைத்தார். “நான் இல்லை எண்டு சொன்னாலும் நீங்கள் ஓட்டலாம். உங்களிட்ட எஞ்சின் இருக்கு, கோல் இருக்கு, விதியும் இருக்கு. பேந்து ஏன் நவம் வந்தனீங்கள்?”

நவம் அண்ணை நகத்துக்குள் இருந்த கிறீசைச் சுரண்டினார்.

“உங்களுக்கே உங்களில நம்பிக்கை இல்லை. அதுதான் வந்தனீங்கள்” என்றார் காட் ஐயா, நோயாளியிடம் வைத்தியர் சொல்வதைப்போல மெல்ல. “அப்பிடிப்பட்ட ஆளுக்கு நான் எப்பிடி ஓம் எண்டு சொல்லுறது? தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.”

குடித்தோம். படலை வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

அதற்குப் பிறகும் நவம் அண்ணை சனிக்கிழமைகளில் வந்தார். எண்ணெய் பார்த்தார், நட்டுகளை இறுக்கினார், எஞ்சினைச் சூடாக்கினார். ஓட்டவில்லை. பரமேஸ் அக்கா மறுபடி வரவில்லை. கூரை மட்டும் வேய்ந்தாகிவிட்டது என்று சந்தையில் சொன்னார், அதையும் சிரிக்காமல்.

ஒரு வருடமும் சில நாட்களும் கழித்துக் காட் ஐயா காலமானார். பிள்ளைகள் இல்லை. நாங்கள் பதின்மூன்று பேரும் போனோம். சுடலையிலிருந்து திரும்பி வரும்போது தலைவர் நவம் அண்ணையின் தோளில் கை போட்டார்.

“நவம், இனி உங்களைத் தடுக்க ஆளில்லை. வாற சனி நீங்கள்தான் எடுக்கிறீங்கள்.”

நவம் அண்ணை குனிந்து காலில் ஒட்டிய மணலைத் தட்டினார்.

“ஓம்” என்றார். “ஓட்ட விடுறதுக்கும் இனி ஆளில்லை.”

அந்தச் சனிக்கிழமை ஆறரைக்கு வந்து எஞ்சினைச் சூடாக்கினார். ஓட்டுநரின் இருக்கையைத் துணியால் துடைத்தார். றொபேட் வந்ததும் இறங்கி நின்றார்.